கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு எந்த லேப்டாப்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால், பல வீடுகளில் அடுத்து எழும் கேள்வி இதுதான். "பிள்ளைக்கு லேப்டாப் வேண்டுமாமே, எதை வாங்குவது?" கடைக்குச் சென்றால் ஒரே மாதிரி இருக்கும் இருபது லேப்டாப்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். விலை மட்டும் 25 ஆயிரத்தில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. எது எதனால் உயர்ந்தது என்று புரிவதில்லை.

செவ்வாப்பேட்டையில் வசிக்கும் என் தங்கை வீட்டிலும் 2025இல் இதே கேள்வி எழுந்தது. அவளுடைய மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. எனக்கு போன் செய்த தங்கை முதலில் சொன்னது, "அண்ணே, போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது" என்பதுதான்.

போன தடவை நடந்ததற்கு நானே பொறுப்பு. அவளுடைய மூத்த மகன் 2021இல் பி.எஸ்சி. சேர்ந்தபோது, 22 ஆயிரம் ரூபாயில் ஒரு புது லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். மெலிதாக, அழகாக இருந்தது. 4 ஜிபி ராம் மெமரி, 64 ஜிபி ஸ்டோரேஜ். ஆன்லைன் வகுப்புக்கு இது போதும் என்று நினைத்தேன். முதல் ஆண்டு போதுமானதாகத்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டில் விண்டோஸ் அப்டேட் செய்யவே இடம் இல்லை என்று செய்தி வரத் தொடங்கியது. மெமரியை அதிகப்படுத்தலாம் என்று திறந்து பார்த்தால், ராம் சிப்கள் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தன. ஸ்டோரேஜும் அப்படியே. மாற்றுவதற்கு வழியே இல்லை.

மூன்றாம் ஆண்டில் ஒரு நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தேர்வு. வீட்டிலிருந்தே, கேமரா ஆனில் இருக்க, பிரவுசரில் எழுத வேண்டும். கேமராவும் பிரவுசரும் ஒன்றாக இயங்கியதும் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் செய்து திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. லேப்டாப் நன்றாக இருந்திருந்தால் அவனுக்கு அந்த வேலை நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுதிப் பார்க்கும் வாய்ப்பே அவனுக்குக் கிடைக்கவில்லை. இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் செல்கிறான். அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

அந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பாடம். லேப்டாப் வாங்கும்போது, பிறகு மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம் கொடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளக் கூடியவற்றுக்குக் காத்திருக்கலாம். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கணக்கைத்தான் விளக்கப் போகிறேன்.

காக்களூரில் தொடங்கிய கதை

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் அடுத்தது புட்லூர், அதற்கடுத்தது திருவள்ளூர். புட்லூரை ஒட்டியிருக்கும் காக்களூரில்தான், 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, மாணவர்களுக்கான இலவச லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அதன் பிறகு தமிழ்நாடு முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வழங்கப்பட்டன. பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே அதுதான். சில ஆண்டுகள் நின்றிருந்த பிறகு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லட் அல்லது லேப்டாப் வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் லேப்டாப் வழங்குவது தொடங்கியது.

இதனை இங்கே சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உங்கள் பிள்ளை அரசுக் கல்லூரியில் சேர்ந்திருந்தால், கடைக்குச் செல்லும் முன் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். தங்கள் கல்லூரிக்கு லேப்டாப் உண்டா, எந்த ஆண்டு மாணவர்களுக்கு என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டாவது, 2026இல் வழங்கப்பட்ட அந்த லேப்டாப்களில் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இருந்தன. இதனைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளலாம். சொந்தக் காசு போட்டு வாங்கும்போது இதற்குக் கீழே எதையும் வாங்க வேண்டாம்.

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ் போதும் என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பிடுகிறது. அது சிஸ்டம் இயங்குவதற்கான அளவு. மாணவர் வேலை செய்வதற்கான அளவு அல்ல. நான் ஏமாந்தது சரியாக இந்த இடத்தில்தான்.

முதல் கேள்வி கடைக்காரரிடம் அல்ல

தங்கையின் கணவர் காக்களூர் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். மகளுடன் ஒரு கடைக்குச் சென்று விசாரித்துவிட்டு வந்து, "மச்சான், கம்ப்யூட்டர் சயின்ஸ்னா கேமிங் லேப்டாப்தான் வாங்கணுமாம். 85 ஆயிரம். மாசத் தவணை போட்டுத் தராங்களாம்" என்றார். போன முறை மலிவாக வாங்கி ஏமாந்தோம். இந்த முறை பயத்தில் அதிகம் கொடுத்து ஏமாற இருந்தோம். இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான். பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்று கேட்காமல், கடையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

ஆகவே முதல் கேள்வியைத் துறைத் தலைவரிடமோ, அதே பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவரிடமோ கேளுங்கள். "நான்கு ஆண்டுகளில் எந்தெந்த சாஃப்ட்வேர் பயன்படுத்துவீர்கள்?" இதற்குக் கிடைக்கும் பதில்தான் உங்கள் பட்ஜெட்டை முடிவு செய்ய வேண்டும்.

கலை, வணிகவியல் மாணவர்களுக்கு வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், டேலி, பிரவுசர் ஆகியவைதான் பெரும்பாலும் தேவை. 8 ஜிபி ராம் உள்ள எளிய விண்டோஸ் லேப்டாப் போதும். டேலி விண்டோஸில் இயங்கும் புரோகிராம் என்பதால், குரோம்புக் போன்றவை மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பது நல்லது.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. பிரிவினர் தொடக்கத்தில் எழுதுவது சிறிய புரோகிராம்கள்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் எல்லாப் பொறியியல் பிரிவினருக்கும் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் பாடம் வைக்கப்பட்டது. பைத்தான், சி போன்றவை எந்த லேப்டாப்பிலும் ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்றவற்றைப் பயன்படுத்தத் தொடங்கும்போதுதான் 16 ஜிபி ராம் தேவைப்படும்.

மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற வரைகலை சாஃப்ட்வேர்களைப் பயன்படுத்துவார்கள். இவர்களுக்கு 16 ஜிபி ராமும், கொஞ்சம் பெரிய திரையும் அவசியம். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. எனவே மேக்புக் ஆசை இருந்தால் முதலில் இதனைக் கவனிக்கவும்.

இன்னொரு யோசனை. கல்லூரி திறந்த முதல் நாளே லேப்டாப் வேண்டும் என்பதில்லை. கல்லூரியிலேயே லேப் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது, செப்டம்பரில்தான் வாங்கினோம். அந்த ஒரு மாதத்தில் என்ன தேவை என்று அவளே தெரிந்துகொண்டு வந்து சொன்னாள்.

மாற்ற முடியாதது 1: ப்ராசசர்

லேப்டாப்பில் ப்ராசசரைப் பிறகு மாற்ற முடியாது. இதில்தான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது. "ஐ5 சார், ஐ3 இல்லை" என்று சொன்னால் நாம் தலையாட்டிவிடுகிறோம். ஐ5 என்பது குடும்பப் பெயர் மட்டுமே. எந்தத் தலைமுறை என்பதை அடுத்து வரும் எண் சொல்லும். 2017இல் வந்த ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. அதில் 4 கோர்கள். 2022இல் வந்த ஐ3-1215யூ பன்னிரண்டாம் தலைமுறை. அதில் 6 கோர்கள். பழைய ஐ5ஐ விடப் புதிய ஐ3 வேகமானது. முழு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஏ.எம்.டி.யிலும் இதே எச்சரிக்கை தேவை. ரைசன் 5 7520யூ என்று பார்த்தால் 7000 வரிசை, புதியது என்று தோன்றும். இந்த எண்ணில் மூன்றாம் இலக்கத்தைப் பாருங்கள். அந்த 2 என்பது, உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு எனக் காட்டுகிறது. ஜென் 2 முதலில் வந்தது 2019இல். ரைசன் 5 7530யூ என்றால் மூன்றாம் இலக்கம் 3. அது ஜென் 3. பெட்டியில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம்.

எண்ணுக்குப் பின்வரும் எழுத்தும் முக்கியம். யூ என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது. எச் என்றால் வேகம் அதிகம். சூடும் அதிகம், பேட்டரியும் விரைவில் தீரும்.

மாற்ற முடியாதது 2: ராம் ஸ்லாட்

ராம் மாற்றக் கூடியதுதானே என்று கேட்பீர்கள். ஸ்லாட் இருந்தால் மட்டுமே மாற்றலாம். பல மெலிதான லேப்டாப்களில் ராம் சால்டர் செய்யப்பட்டே வருகிறது. மேலே சொன்ன 7520யூ ப்ராசசர் உள்ள லேப்டாப்கள் எல்லாம் அப்படித்தான். அவற்றில் 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே இதனைச் சோதிக்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி என்று கிளிக் செய்யவும். கீழே "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று காட்டினால் பெரும்பாலும் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது எனலாம். சால்டர் செய்த ராமையும் சில லேப்டாப்கள் ஸ்லாட் என்றே காட்டுவதால், கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் விவரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதில் எனக்கும் ஒரு சறுக்கல் ஏற்பட்டது. தங்கை மகளுக்கு 8 ஜிபி ராமும் ஒரு காலி ஸ்லாட்டும் உள்ளதை வாங்கினோம். இரண்டாம் ஆண்டில் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம் என்பது என் திட்டம். ஆனால் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதால், 2025 இறுதியிலிருந்து ராம் விலை உலகம் முழுவதும் கடுமையாக உயர்ந்தது. "மாமா, அப்பவே 16 வாங்கியிருக்கலாம்ல?" என்று அவள் கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனாலும் ஸ்லாட் இருப்பதால், விலை இறங்கும்போது சேர்க்கும் வழி திறந்திருக்கிறது. அவளுடைய அண்ணனுக்கு அந்த வழியே இல்லை. நீங்கள் வாங்கும்போது, 8 ஜிபி மாடலுக்கும் 16 ஜிபி மாடலுக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு, தனியாக ஒரு ராம் ஸ்டிக் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு, எது லாபமோ அதைச் செய்யுங்கள்.

மாற்ற முடியாதது 3: எடை, திரை, கீபோர்டு

செவ்வாப்பேட்டையிலிருந்து காலை எட்டு மணி ரயிலில் சென்னைப் பக்கம் போய்ப் பாருங்கள். நிற்கவே இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் தினமும் தோளில் தொங்கப் போகும் பொருள் இது. 14 அங்குல லேப்டாப் பல ஒன்றரை கிலோவுக்குள் கிடைக்கின்றன. கேமிங் லேப்டாப்கள் இரண்டு கிலோவைத் தாண்டும். அதன் சார்ஜரே அரை கிலோ இருக்கும். ரயிலிலும் பஸ்ஸிலும் செல்பவர்களுக்கு 14 அங்குலம், ஹாஸ்டலில் தங்கி மேஜையில் வைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு 15.6 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

திரை ஃபுல் எச்.டி., அதாவது 1920 x 1080 ஆக இருக்கட்டும். ஐ.பி.எஸ். வகையா என்று கேளுங்கள். கேட்காமலும் கண்டுபிடிக்கலாம். திரையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நிறம் வெளிறிப் போனால் அது பழைய டி.என். வகை. கீபோர்டில் அரை பக்கம் டைப் செய்து பாருங்கள். நான்கு ஆண்டுகள் அடிக்கப் போவது அதில்தான்.

பேட்டரிக்கு "10 மணி நேரம்" என்று விளம்பரம் செய்வார்கள். அதை விட்டுவிட்டு வாட்-அவர் எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண வேலைக்கு லேப்டாப் மணிக்குச் சுமார் 8 வாட்-அவர் செலவழிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 42 வாட்-அவர் பேட்டரி ஐந்து மணி நேரம் வரும். வகுப்பில் எல்லோருக்கும் பிளக் பாயிண்ட் இருக்காது என்பதால் இதைவிடக் குறைவானது வேண்டாம்.

பிறகு பார்த்துக்கொள்ளக் கூடியவை

ஸ்டோரேஜ் கட்டாயம் எஸ்.எஸ்.டி.யாக இருக்க வேண்டும். இ.எம்.எம்.சி. என்று எழுதியிருந்தால் அந்த லேப்டாப்பைத் தவிர்க்கவும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலான லேப்டாப்களில் கழற்றி மாட்டக்கூடிய சிறிய அட்டையாக இருக்கும். எனவே 512 ஜிபி போதும். ஒரு டி.பி. வேண்டும் என்று இப்போதே பணம் கொடுக்கத் தேவையில்லை.

சாஃப்ட்வேருக்குத் தனியாகப் பணம் கேட்டால் யோசியுங்கள். விண்டோஸ் ஒரிஜினலாக உள்ளேயே வருகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆபீஸ் முழுமையாக வருகிறதா, ஒரு மாத ட்ரையலா என்பதையும் கேட்கவும். ட்ரையல் என்றாலும் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இலவசம். கல்லூரி ஈமெயில் முகவரி இருந்தால் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கலாம். ஆட்டோகேட் மாணவர்களுக்கு, அவர்கள் மாணவர்தான் என்று உறுதி செய்த பின், இலவசமாகத் தரப்படுகிறது. டேலியிலும் பழகுவதற்கான இலவச முறை உண்டு. கடையில் "எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தருகிறோம்" என்று பைரசி காப்பி ஏற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதனுடன் வைரஸும் சேர்ந்து வரலாம்.

கேமிங் லேப்டாப் யாருக்கு?

தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங், அனிமேஷன் படிப்பவர்களுக்கு அது பயன்படும். ஏ.ஐ. படிப்பதற்கும் இதுதான் வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். கற்கும் நிலையில் கூகுள் கோலாப் போன்ற சேவையில் பிரவுசர் வழியாகவே கிராபிக்ஸ் ப்ராசசரை ஓர் அளவு வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதற்குத் தேவை நல்ல இன்டர்நெட் இணைப்புதான். தங்கை கணவருக்கு நான் இதைச் செய்து காட்டிய பிறகுதான், அந்த மாதத் தவணைத் தாள் மடித்து வைக்கப்பட்டது.

பழைய லேப்டாப் வாங்கலாமா?

பட்ஜெட் மிகக் குறைவு என்றால், 20 ஆயிரம் கொடுத்து நான் வாங்கியது போன்ற புது லேப்டாப் வாங்குவதைவிட, அலுவலகங்களில் பயன்படுத்திய நல்ல லேப்டாப் மேலானது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இவை நிறையக் கிடைக்கின்றன. மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அதற்கு முந்தையவற்றில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. இரண்டு, பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே இருந்தால், புது பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மூன்று, பில். பில் இல்லாத லேப்டாப் திருட்டுப் பொருளாகக்கூட இருக்கலாம்.

வாங்கும் நாளில்

சீல் உங்கள் முன்னால்தான் உடைக்கப்பட வேண்டும். பெட்டியில் உள்ள சீரியல் எண், லேப்டாப்பின் அடியில் உள்ள எண், ஜி.எஸ்.டி. பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், வை-ஃபை, எல்லா யு.எஸ்.பி. போர்ட்டுகளையும் கடையிலேயே சோதியுங்கள். ஆன்லைன் தேர்வுக்குக் கேமராவும் மைக்கும் எவ்வளவு முக்கியம் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

வாரண்டி பெரும்பாலும் ஓராண்டுதான். கூடுதல் வாரண்டி வாங்குவதாக இருந்தால் லேப்டாப் கம்பெனியே தருவதை வாங்கவும். கீழே விழுந்து உடைந்தால் அதில் அடங்குமா, வீட்டுக்கு வந்து சரி செய்வார்களா, நாம் எடுத்துச் செல்ல வேண்டுமா என்று கேளுங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக நாங்கள் வாங்கியது இதுதான். பதிமூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், ஒரு காலி ஸ்லாட், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., 14 அங்குலத் திரை. பட்ஜெட்டைவிட 3 ஆயிரம் கூடுதலாயிற்று. 85 ஆயிரத்துடன் ஒப்பிட்டால் மிச்சம்தான்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை முதலில் பிரித்துப் பார்த்தவன் அவளுடைய அண்ணன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி ஸ்லாட்டைப் பார்த்துவிட்டு, "காலி இருக்கு மாமா" என்றான். நீங்களும் கடையில் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.